ஒரே புல், இரண்டு வயிறு

மாட்டுச் சாணத்தை மிதித்தால் கால் வழுக்கும். குதிரை லத்தியை மிதித்தால் அது உடையும்; உள்ளே புல் நார்நாராகத் தெரியும். நுவரெலியா றேஸ்கோர்ஸ் ஓரம் நடந்து பழகிய எல்லாருக்கும் இது தெரியும். ராகலை, கந்தப்பளைப் பக்கம் மரக்கறி போடுகிறவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: குதிரை எரு போட்ட பாத்தியில் களை கூடுதலாக முளைக்கும். புல்லோடு விழுங்கிய விதைகளில் மாட்டின் வயிற்றில் அழிந்துபோகிறவை பல. குதிரையின் வயிற்றைக் கடந்து அவை உயிரோடு வெளியே வந்துவிடுகின்றன.

இரண்டும் ஒரே வரம்பில் நின்று ஒரே புல்லைத்தான் தின்கின்றன. உடப்புசல்லாவைத் தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் மாடு வளர்ப்பவர்கள், ஓடையோரத்துப் புல்லோடு கொஞ்சம் தவிடும் ஊறவைத்த புண்ணாக்கும் வைத்துப் பால் கறந்துவிடுகிறார்கள். அதே கவனத்தோடு, அதே தவிட்டையும் புண்ணாக்கையும் மிஞ்சிய சோற்றையும் ஒரு குதிரைக்கு வைத்துப் பாருங்கள். அன்றிரவே அது தன் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, மண்ணில் விழுந்து புரளக்கூடும். பாசத்தோடு கொடுத்த உணவு அதன் உயிரையே எடுத்துவிடவும் கூடும்.

மாட்டைத் தேற்றுகிற தீனி குதிரையை ஏன் வீழ்த்துகிறது? லத்தியில் தெரியும் அந்த நாரிலிருந்தே விடையைத் தேடத் தொடங்கலாம்.

புல்லைச் செரிப்பது யார்?

புல்லின் உடம்பு பெரும்பாலும் நாரால் ஆனது. இந்த நாரைச் செரிக்கும் சாறு மாட்டின் உடலிலும் சுரப்பதில்லை, குதிரையின் உடலிலும் சுரப்பதில்லை, நம் உடலிலும் சுரப்பதில்லை. அந்த வேலையைச் செய்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். கோடானுகோடி பாக்டீரியாக்களும் அவற்றோடு வேறு சில உயிர்களும் வயிற்றுக்குள் குடியிருந்து, நாரை உடைத்துத் தங்கள் உணவாக்கிக்கொள்கின்றன. அப்போது வெளிவரும் அமிலங்களை விலங்கு உறிஞ்சிக்கொண்டு அவற்றிலிருந்து பலம் பெறுகிறது. இரவில் அரைத்து வைத்த தோசை மாவு காலையில் பொங்கிப் புளித்திருக்கிறதல்லவா, அதே வகை வேலைதான் இது. இதற்கு நொதித்தல் என்று பெயர்.

மாவு புளிக்க ஒரு பாத்திரமும் இதமான சூடும் நேரமும் வேண்டும். புல் நொதிக்கவும் அப்படித்தான். எனவே புல் தின்னும் ஒவ்வொரு பெரிய விலங்கும் உடலுக்குள் ஒரு நொதிக்கலத்தைச் சுமக்கிறது. அந்தக் கலம் உணவுப் பாதையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதில்தான் மாடும் குதிரையும் பிரிகின்றன.

முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று

மாட்டுக்கு நொதிக்கலம் பாதையின் தொடக்கத்திலேயே இருக்கிறது. வளர்ந்த மாட்டின் முதல் இரைப்பை நூறு லீற்றருக்கு மேல் கொள்ளும். தின்றதெல்லாம் முதலில் அங்கேதான் போய் விழுகிறது. மாடு அதை மறுபடி வாய்க்கு எடுத்து அசைபோட்டு மீண்டும் விழுங்குகிறது. போதிய அளவு நுணுங்காத எதுவும் அடுத்த அறைக்குப் போக வழியில்லை. சாணம் வழவழப்பாக இருப்பதற்கு இதுவே காரணம். நுண்ணுயிர்கள் வேலை முடித்த பிறகு, அவற்றின் உடல்களும் சேர்ந்து சிறுகுடலுக்குள் போய்ச் செரிமானமாகின்றன. தரமில்லாத தீனியிலிருந்துகூட மாட்டுக்கு நல்ல புரதம் கிடைப்பது இதனால்தான்.

குதிரையின் பாதை தலைகீழானது. அதன் இரைப்பை சிறியது. 500 கிலோ எடையுள்ள பெரிய குதிரைக்கே 8 முதல் 15 லீற்றர்தான். அதைத் தாண்டினால் சிறுகுடல். மாவுப்பொருளும் புரதமும் கொழுப்பும் இங்கே செரித்து உறிஞ்சப்படுகின்றன. அதன் பிறகுதான் நொதிக்கலம் வருகிறது: சுமார் 30 லீற்றர் கொள்ளும் குருட்டுக்குடலும், அதையொட்டி அதைவிடப் பெரிய பெருங்குடலும். இந்த இரண்டையும் சேர்த்து இனிமேல் பின்குடல் என்று சொல்வோம்.

புல் வாயில் நுழைந்து கழிவாக வெளியேற மாட்டில் இரண்டு மூன்று நாள் ஆகும். குதிரையில் ஒன்றரை நாளிலிருந்து இரண்டு நாளுக்குள் முடிந்துவிடும். ஆகவே ஒரு வாய்ப் புல்லிலிருந்து குதிரை எடுக்கும் சத்து மாடு எடுப்பதைவிடக் குறைவு. அந்தக் குறையை அது கூடுதலாகத் தின்று ஈடுகட்டுகிறது. மாட்டின் கலம் நிரம்பிவிட்டால், உள்ளே இருப்பது நுணுங்கும்வரை புதிதாகத் தின்ன இடமில்லை. குதிரைக்கு அந்தத் தடை இல்லை. முற்றிய சக்கைப் புல்தான் கிடைக்கிறது, ஆனால் நிறையக் கிடைக்கிறது என்றால், குதிரையின் ஏற்பாடே மேல். கிறிஸ்டீன் ஜானிஸ் என்ற உயிரியலாளர் 1976இல் இதை விரித்து எழுதினார். ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டிப் புல்வெளியில் வரிக்குதிரைகள் முன்னே சென்று உயர்ந்த முற்றிய தாள்களைத் தின்ன, அசைபோடும் விலங்குகள் பின்னால் வந்து அடியில் இருக்கும் இளம் தளிரை மேய்கின்றன.

குதிரையின் வயிறு மாட்டு வயிற்றைவிடத் தாழ்ந்தது என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அது வேறொரு வாழ்க்கைக்காக அமைந்த வயிறு: நாளில் 14 முதல் 16 மணி நேரம், கொஞ்சம் கொஞ்சமாக, நடந்துகொண்டே மேய்கிற வாழ்க்கை. நாம்தான் அதைக் கட்டிப்போட்டு இருவேளைத் தீனிக்கு மாற்றிவிட்டோம்.

வாந்தி எடுக்க முடியாத விலங்கு

நமக்கு இரைப்பையில் அமிலம் முக்கியமாகச் சாப்பாட்டு நேரத்தில் சுரக்கிறது. குதிரைக்கோ தின்றாலும் தின்னாவிட்டாலும் இரவு பகலாகச் சுரந்துகொண்டே இருக்கிறது. உமிழ்நீர் அதற்கு நேர்மாறு. மெல்லும்போது மட்டுமே ஊறும். பெரிய குதிரை ஒன்று நாள் முழுக்க மேய்ந்தால் 35 லீற்றருக்குக் குறையாமல் உமிழ்நீர் விழுங்கும். இரைப்பையின் அமிலத்தைத் தணிப்பது அந்த உமிழ்நீர்தான். வாய் ஓய்ந்தால் உமிழ்நீர் நின்றுவிடும், அமிலம் நிற்காது. ஐந்தாறு மணி நேரம் வெறும் வயிற்றோடு கட்டிக் கிடக்கும் குதிரைக்கு இரைப்பையின் மேற்பகுதியில் புண் வரத் தொடங்குவது இப்படித்தான்.

ஒரு கிலோ உலர்புல்லைத் தின்று முடிக்கக் குதிரை குறைந்தது 3,000 தடவை மெல்ல வேண்டும். முக்கால் மணி நேரம் ஆகலாம். அதே எடைத் தானியத்தை ஆயிரத்துக்கும் குறைந்த மெல்லலில், பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடித்துவிடும். வயிறு நிறைந்தது என்று நாம் நினைக்கிறோம். இரைப்பைக்குப் போய்ச் சேர்ந்த உமிழ்நீரோ மிகக் கொஞ்சம்.

இன்னொரு இக்கட்டும் உண்டு. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்திலுள்ள தசை வளையம் அவ்வளவு இறுக்கமானது. வேண்டாததைத் தின்றுவிட்டால் நாய் கக்கிவிடும், பூனை கக்கிவிடும். குதிரைக்கு உள்ளே போனது போனதுதான். காய்ந்த தவிட்டையோ ஊறாத புண்ணாக்கையோ வயிறு முட்டத் தின்று தண்ணீரும் குடித்தால், அது உள்ளே ஊதிப் பெருகி, அரிதாக இரைப்பையே கிழிந்துபோவதும் உண்டு.

காயல் துறையில் இறங்கிய குதிரைகள்

தமிழ் மண் குதிரையை வளர்த்ததைவிட வாங்கியதே அதிகம். கடல் வழியாக வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை பேசுகிறது. மாணிக்கவாசகர் வரலாறே குதிரை வாங்கப் போன கதை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு துயரத்தைப் பதிந்து வைத்திருக்கிறார். அரசர் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேல் குதிரைகளை, காயல் துறைமுகத்தில் வந்திறங்கும் அரபு வணிகர்களிடம் பெரும் பொன் கொடுத்து வாங்குகிறார். ஆண்டு முடிவில் அவற்றில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார். குதிரை மருத்துவம் தெரிந்தவர்கள் இங்கே இல்லை என்றும், வேகவைத்த இறைச்சியும் சோறும் கலந்து குதிரைகளுக்குக் கொடுத்தார்கள் என்றும் எழுதுகிறார். சற்றுப் பின்னால் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், வறுத்த பார்லியும் நெய்யிட்ட தானியமும் காய்ச்சிய பசும்பாலும் கொடுக்கப்பட்டதைச் சொல்கிறார்.

எண்ணிக்கைகளைப் பயணிகளின் வாய்க்கணக்காகவே எடுத்துக்கொள்வோம். வெப்பமும் நோயும் கடற்பயணக் களைப்பும் பல குதிரைகளைக் கொன்றிருக்கும். ஆனால் தீனிக்கும் இதில் பெரிய பங்கு இருந்திருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். அதைக் கொடுத்தவர்கள் கொடுமைக்காரர்கள் அல்லர். நெய்யும் பாலும் சோறும் அவர்களிடம் இருந்ததிலேயே உயர்ந்த உணவு. விலைமதிப்பற்ற விலங்குக்கு வீட்டின் மிகச் சிறந்ததை எடுத்து வைத்தார்கள்.

அந்தச் சோறு உள்ளே என்ன செய்யும்? சோற்றிலுள்ள மாவுப்பொருளைச் சிறுகுடல் ஓரளவுக்குத்தான் சமாளிக்கும். உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிராம் மாவுப்பொருள், ஒரு வேளைக்கு இவ்வளவுதான் பாதுகாப்பான எல்லை. 200 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு இது 200 கிராம், அதாவது ஏறக்குறைய 700 கிராம் சோறு. ஒரு வாளியில் மூன்று கிலோ சோறு வைத்தால் அது எல்லையின் நான்கு மடங்கு. மிச்சம் செரிக்காமலே பின்குடலுக்குள் வழிந்துவிடும். அங்கே நாரை உண்ணும் நுண்ணுயிர்கள் மெதுவாக வேலை செய்துகொண்டிருக்கின்றன. மாவுப்பொருள் வந்து விழுந்ததும் வேறொரு கூட்டம் சில மணி நேரத்தில் பெருகி, கடுமையான அமிலத்தைக் கக்குகிறது. பின்குடல் புளித்துப்போய், நாரை உண்ணும் நுண்ணுயிர்கள் கூட்டமாகச் சாகின்றன. காற்று அடைகிறது, குடல் வலிக்கிறது, குடற்சுவர் பழுதாகி நஞ்சு இரத்தத்தில் கலக்கிறது. ஒன்றிரண்டு நாளில் கேடு காலுக்கு இறங்குகிறது.

வயிற்றில் விழுந்த சோறு காலை முடக்குவது நம்புவதற்குக் கடினமாக இருக்கலாம். குதிரையின் குளம்புக்குள் ஒரு எலும்பு இருக்கிறது. மடிப்பு மடிப்பான மெல்லிய திசுக்கள்தான் அதைக் குளம்பின் உட்சுவரோடு பிணைத்துத் தொங்கவைக்கின்றன. அந்தத் திசுக்கள் பழுதாவதைக் குளம்பழற்சி என்கிறார்கள். பிணைப்பு விட்டுப்போனால், குதிரையின் எடையே அந்த எலும்பைக் கீழே அழுத்தித் திருப்பிவிடும். முன்கால்களை முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னே சாய்த்து, நகர மறுத்து நிற்கும் குதிரையைக் கண்டால் அதை அடித்து நடத்தாதீர்கள். மிருக வைத்தியரை உடனே அழையுங்கள்.

பால் விஷயத்திலும் இதே கதைதான். மூன்று நான்கு வயதைத் தாண்டிய குதிரைக்குப் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் திறன் பெரும்பாலும் போய்விடும். அதுவும் பின்குடலுக்கே போய்ச் சேரும்.

மலைக்கு வந்த குதிரைகள்

சாமுவேல் பேக்கர் 1848இல் நுவரெலியாவில் குடியேறியபோது இங்கிலாந்திலிருந்து குதிரைகளையும் மாடுகளையும் வேட்டை நாய்களையும் கொண்டுவந்தார். ஓட்ஸ் விதைத்துப் பார்த்தார். மரைகளும் காட்டுப்பன்றிகளும் அதைத் தின்று தீர்த்தன. பந்தயத் திடல் 1875இல் வந்தது. துரைமார் குதிரையேறித் தோட்டத்தைச் சுற்றிய காலத்தில் அந்தக் குதிரைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டி, புல் அறுத்துப்போட்டு வளர்த்தவர்கள் நம் குதிரைக்காரர்கள். எந்த ஓடையோரத்துப் புல் எந்த மாதம் இனிக்கும் என்ற அவர்களுடைய அறிவு எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. அதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இன்று இந்த மலைகளில் இருப்பவை பெரும்பாலும் மட்டக்குதிரைகள். ஏப்ரல் சீசனில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சுற்றுகின்றன. சீசன் முடிந்தால் சிலவற்றைப் பார்ப்பதற்கு ஆளில்லை. நுவரெலியா நகரத்துக் குப்பையைக் கிளறும் குதிரைகளைப் பலரும் கண்டிருப்பார்கள். ஒரு மட்டக்குதிரையைச் சரியாக வளர்க்கப் பெரிய செலவு வேண்டியதில்லை என்பதைக் கணக்குப் போட்டுக் காட்ட விரும்புகிறேன்.

200 கிலோ மட்டக்குதிரைக்கு ஒரு நாள்

உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு மட்டக்குதிரை நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தையல்காரரின் நாடாவால் முன்கால்களுக்குப் பின்னே மார்பைச் சுற்றி அளந்தால் 138 சென்றிமீற்றர். தோள் முனையிலிருந்து பின்புட்ட எலும்பு வரை 125 சென்றிமீற்றர். இந்த அளவுள்ள குதிரை ஏறத்தாழ 200 கிலோ இருக்கும்.

குதிரைக்கு ஒரு நாளில் அதன் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு தீனி வேண்டும், நீரை நீக்கிய காய்ந்த எடையில். நம் குதிரைக்கு அது 4 கிலோ. மழைக்காலத்துப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். ஆகவே 4 கிலோ காய்ந்த எடை கிடைக்க 20 கிலோ பச்சைப்புல் அறுக்க வேண்டும். தலையில் தூக்கிவரும் ஒரு நல்ல புல்லுக்கட்டு அது.

புரதம் போதுமா? பிள்ளைகளை ஏற்றி மெதுவாகச் சுற்றும் அளவு வேலை செய்யும் 200 கிலோ குதிரைக்கு நாளுக்குச் சுமார் 280 கிராம் புரதம் வேண்டும். பூக்காத இளம்புல்லின் காய்ந்த எடையில் பத்தில் ஒரு பங்கு புரதம் என்று வைத்தால், 4 கிலோவில் 400 கிராம் கிடைக்கிறது. தேவைக்கு மேலேயே இருக்கிறது. புண்ணாக்குக்கு இங்கே வேலையே இல்லை. பலரும் நம்பத் தயங்கும் இடம் இது: நல்ல இளம்புல் நாள் முழுக்கக் கிடைத்தால், குறைந்த வேலை செய்யும் மட்டக்குதிரைக்குப் புல்லும் தண்ணீரும் உப்பும் கொஞ்சம் தாதுச்சத்துமே போதும்.

இனி காலம் மாறட்டும். உடப்புசல்லாவைக்குப் பெருமழை வடகீழ்ப் பருவத்தில் வருகிறது. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை வறண்ட கச்சான் காற்று வீசும். தேயிலைக்கு மணம் கூடும் அந்தக் காலத்தில் புல் பூத்து முற்றி, தண்டு தடித்துவிடும். மேட்டில் நிற்கும் மானாப்புல்லை மாடே முகம் திருப்பிக்கொள்ளும். முற்றிய புல்லில் புரதம் நூற்றுக்கு ஐந்துதான் என்று வையுங்கள். 4 கிலோவில் கிடைப்பது 200 கிராம். 80 கிராம் குறைகிறது. வயிறு பானையாக நிற்க, முதுகெலும்பும் விலாவும் தெரியும் குதிரையைக் கச்சான் காலத்தில் பார்க்கிறோமே, அதற்குக் காரணம் இந்தக் குறை.

இங்கேதான் கொள்ளு வருகிறது. கொள்ளில் நூற்றுக்கு 22 பங்கு அளவில் புரதம் இருக்கிறது. புல்லின் காய்ந்த எடையை மூன்றரைக் கிலோவாகக் குறைத்து, அரைக் கிலோ கொள்ளு சேர்ப்போம். புல்லிலிருந்து 175 கிராம், கொள்ளிலிருந்து 110 கிராம், ஆக 285. கணக்கு நேராகிவிட்டது. அரைக் கிலோ கொள்ளிலுள்ள மாவுப்பொருள் 200 கிராம் எல்லைக்குள்ளேயே நிற்கிறது; ஆனாலும் காலையும் மாலையுமாக இரண்டாகப் பிரித்துக் கொடுப்பது நல்லது. இரவெல்லாம் ஊறவைத்து, மசியாமல் வேகவைத்து, ஆறிய பிறகு கொடுக்க வேண்டும். பச்சைக் கொள்ளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. வேகும்போது அவை பெரும்பாலும் அழிந்துவிடும்.

எப்படிக் கொடுப்பது என்பதும் எவ்வளவு என்பதைப் போலவே முக்கியம். 20 கிலோ புல்லையும் காலையில் கொட்டிவிட்டு மாலைவரை போய்விடக் கூடாது. விடியற்காலை 5 கிலோ, நடுப்பகல் 4, மாலை 5, இரவில் பெரிய பங்காக 6. கொள்ளுக்கு முன் கொஞ்சம் புல் கொடுங்கள். இரைப்பையில் உமிழ்நீர் சேர்ந்திருக்கும். அறுத்த ஈரப்புல்லைக் கட்டோடு போட்டுவைத்தால் நடுவில் சூடேறிப் புழுங்கிவிடும். கட்டை அவிழ்த்துப் பரப்பி வையுங்கள். தேயிலை மலையில் களைக்கு மருந்தடித்த இடத்துப் புல்லைத் தொடவே வேண்டாம்.

லத்தியையும் பார்த்துக்கொண்டே இருங்கள். நார் தெரிவது இயல்பு. மூன்று நான்கு சென்றிமீற்றர் நீளத்தில் மெல்லாத தண்டுகள் வந்தால், தீனியில் குறை இல்லை, பல்லில் குறை. குதிரையின் கடைவாய்ப் பல் ஆயுள் முழுதும் மெல்ல மெல்ல வெளியே வந்துகொண்டே இருக்கும். ஓரங்கள் கூராகி நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். வைத்தியர் அவற்றை அராவிவிடுவார்.

தவிட்டில் ஒளிந்திருக்கும் குறை

ஐரோப்பாவில் மாவு ஆலை வைத்திருந்தவர்களின் குதிரைகளுக்கு ஒரு விசித்திர நோய் வந்தது. முகம் இருபுறமும் வீங்கும், கால் நொண்டும், எலும்பு எளிதில் முறியும். ஆலையில் தவிடு ஏராளம். குதிரைகள் அதைத் தின்றே வளர்ந்தன. ஆலைக்காரர் குதிரை நோய் என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது.

எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்தான கல்சியமும் பொஸ்பரசும் வேண்டும். கல்சியம் எப்போதும் பொஸ்பரசைவிடக் குறையாமல், ஒன்றரை மடங்கு அளவில் இருப்பது நல்லது. ஒரு கிலோ அரிசித் தவிட்டில் பொஸ்பரஸ் 15 கிராம் அளவில் இருக்கும். கல்சியம் ஒரு கிராம்தான். நம் மட்டக்குதிரையின் 4 கிலோவில் பாதியைத் தவிடாக்கினால் என்ன ஆகும்? 2 கிலோ புல்லில் இரண்டும் ஆறு ஆறு கிராம் என்று வைத்தாலும், மொத்தக் கல்சியம் 8 கிராம், பொஸ்பரஸ் 36 கிராம். இரத்தத்தில் கல்சியம் குறையும்போது உடல் அதை எலும்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. எலும்பு மெலிகிறது, தாடையிலும் முகத்திலும் அந்த வெற்றிடத்தை நார்த்திசு நிரப்பி வீக்கம் காட்டுகிறது. தவிடு தின்ற குதிரை கொழுகொழுவென்று மினுங்கும்போதே உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும்.

தவிட்டை நிறுத்திவிட்டால் போதும் என்று நினைத்தால், புல்லிலும் ஒரு பொறி இருக்கிறது. மலைநாட்டு மேய்ச்சலில் பரவலாக இருக்கும் கிகுயுப் புல், கினிப்புல், நேப்பியர் வகைகள், கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் உருவாகி இலங்கைப் பால்பண்ணைகளில் இடம்பிடித்த கோ-3 புல் ஆகியவற்றில் ஒக்சலேற்று என்ற பொருள் உண்டு. அது கல்சியத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட கல்சியத்தைக் குடலால் உறிஞ்ச முடியாது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் இந்த வகைப் புல்வெளிகளில் மேய்ந்த குதிரைகளுக்குத் தவிடே தின்னாமல் அதே முகவீக்க நோய் வந்தது. பக்கத்தில் மேய்ந்த மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஏன் என்று இப்போது நாமே சொல்லிவிடலாம். ஒக்சலேற்றை உடைக்கும் நுண்ணுயிர்கள் உண்டு. அவற்றில் ஒன்றுக்கு 1985இல் ஒக்சலோபக்டர் போமிஜெனஸ் என்று பெயரிட்டார்கள். மாட்டில் நுண்ணுயிர்கள் வாசலிலேயே நிற்கின்றன. ஒக்சலேற்று அங்கேயே உடைய, விடுபட்ட கல்சியம் பிறகு சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது. குதிரைக்கும் அந்த நுண்ணுயிர்கள் உண்டு, ஆனால் பின்குடலில். கல்சியம் உறிஞ்சப்படும் இடமோ அதற்கு முன்னால் உள்ள சிறுகுடல். காவலாளி வருவதற்குள் பொருள் கைமாறிவிடுகிறது.

மலைச்சரிவுகளில் வளரும் முரட்டுப் பெரணிச்செடியும் இப்படித்தான். அது உடலிலுள்ள தயமின் என்ற உயிர்ச்சத்தை அழிப்பதால் குதிரை தள்ளாடத் தொடங்கும். மாடு தனக்கு வேண்டிய தயமினைத் தன் முதல் இரைப்பையிலேயே ஆக்கிக்கொள்வதால் அந்த வகையில் தப்பிவிடுகிறது. ஆனால் பெரணி அதற்கு வேறு கேடுகளைச் செய்யும்.

தீர்வு எளியது. ஒரே வகைப் புல்லை மட்டும் கொடுக்காமல் கலந்து கொடுப்பது, தவிட்டைக் கைப்பிடி அளவோடு நிறுத்துவது, வைத்தியர் சொல்லும் அளவில் தீனிக்கென்றே விற்கும் சுண்ணாம்புக்கல் தூள் சேர்ப்பது. அந்தத் தூள் 30 கிராமில் 11 கிராம் அளவுக்குக் கல்சியம் கிடைக்கும். வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பு வாயையும் இரைப்பையையும் பொசுக்கும். அதைக் கொடுக்கக் கூடாது. தேயிலைக்கு வீசும் டொலமைட்டும் தீனிக்கு உரியதன்று.

கரட் மூட்டையும் லீக்ஸ் தாளும்

இந்த மலையில் கழிவு மரக்கறி மலிவு, பல இடங்களில் இலவசம். குதிரைக்குக் கரட் பிடிக்கும், நாளுக்கு ஒன்றிரண்டு கிலோவுக்குள் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீரும் சர்க்கரையுமே; புல்லுக்கு ஈடாகாது. வட்ட வட்டமாக நறுக்கினால் தொண்டையில் அடைக்கும், நீளவாக்கில் கீறிக் கொடுங்கள். கோவா இலை குவியலாகப் போனால் வயிற்றில் காற்றை நிரப்பும். பச்சை படிந்த, முளைவிட்ட உருளைக்கிழங்கில் நஞ்சு உண்டு.

லீக்ஸ் தாளைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். சந்தையில் வெட்டி எறியும் லீக்ஸ் தாள்கள் பார்க்கப் புல்லைப் போலவே இருக்கும். லீக்ஸ் வெங்காயக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தின் கந்தகச் சேர்மங்கள் குதிரையின் சிவப்பணுக்களை உடைத்து இரத்தச்சோகையில் தள்ளும். சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் ஆபத்து முற்றிவிட்டது என்று பொருள்.

தண்ணீர், உப்பு, பத்து நாள்

200 கிலோ குதிரைக்கு நாளுக்கு 10 லீற்றர் தண்ணீராவது வேண்டும். வெயிலில் வேலை செய்தால் கூடுதலாக. நெடுந்தீவுக் குதிரைகள் மெலிந்த தீவுப் புல்லிலேயே பல தலைமுறைகளைக் கடந்துவிட்டன, வறட்சியில் நீர்நிலை வற்றும் ஆண்டுகளில்தான் விழுந்து சாகின்றன. மலையில் குளிர் காலையில் குதிரை குறைவாகக் குடிக்கும். காய்ந்த தீனியும் குறைந்த தண்ணீரும் சேர்ந்தால் பெருங்குடல் மடிந்து குறுகும் இடத்தில் அடைத்துக்கொள்ளும். தண்ணீரை லேசாகச் சூடாக்கி வைத்தால் கூடுதலாகக் குடிக்கும். உப்பு நாளுக்கு 10 கிராம், வியர்த்துக் கொட்டும் நாளில் அதைவிட அதிகம்.

எந்தத் தீனியையும் புதிதாகச் சேர்க்கும்போது நுண்ணுயிர்களுக்கு அவகாசம் கொடுக்க வேண்டும். கொள்ளை முதல் நாள் 50 கிராமில் தொடங்கி, நாளுக்கு 50 கிராமாகக் கூட்டினால் பத்தாம் நாள் அரைக் கிலோவுக்கு வந்துவிடலாம். குறைப்பதற்கு இந்த நிதானம் வேண்டியதில்லை. வண்டியிழுத்த ஐரோப்பியக் குதிரைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. தானியம் மட்டும் வழக்கம்போல முழு அளவில் கிடைக்கும். திங்கள் காலை வேலைக்கு ஓட்டினால் பின்தொடைத் தசை இறுகி நடக்க முடியாமல் நின்றுவிடும். திங்கட்கிழமை நோய் என்று அதை அழைத்தார்கள். ஆகவே சீசன் முடிந்து குதிரை நுவரெலியாவிலிருந்து திரும்பும் அன்றே கொள்ளைப் பாதியாக்கி, மூன்றாம் நாள் நிறுத்திவிடலாம். புல்லை மட்டும் குறைக்க வேண்டாம்.